பங்குனியில் ரிஷிகேஷ்: நம்ம பக்கத்து ஆட்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கமிருந்து ரிஷிகேஷ் போக நினைக்கிறவர்கள் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையிலிருந்து கேட்பதும், ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸப்பில் குரல் பதிவாக அனுப்புவதும் பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துப்போனதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். யாத்திரைக்காகப் போகிறவர்களுக்கு இது அவ்வளவாக உதவாது; ஆற்றில் இறங்க, மலையில் நடக்க, காடு பார்க்கப் போகிறவர்களுக்குத்தான்.

ரிஷிகேஷ்னா ஆசிரமம், கோயில், கங்கை ஸ்நானம்தானே? அங்க போய் என்னத்தை விளையாடுறது?

ஆசிரமமும் உண்டு, ஆரத்தியும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கங்கை மலையிலிருந்து இறங்கிச் சமவெளியைத் தொடுகிற இடம் அது. ஊருக்கு மேலே முப்பத்தைந்து கிலோமீட்டர் தூரத்துக்கு ஆறு பாறைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து, சில இடங்களில் சாதுவாக, சில இடங்களில் நுரை கக்கிக்கொண்டு ஓடுகிறது. அதனால்தான் ரப்பர் படகு விடுகிற ராஃப்டிங் தொழில் அங்கே இவ்வளவு பெரிதாக வளர்ந்தது. அதோடு மலை நடை, அருவி, பஞ்சீ ஜம்ப் (கயிறு கட்டிக்கொண்டு உயரத்திலிருந்து குதிப்பது), பக்கத்திலேயே புலிகள் காப்பகம். மூன்று நாள் முழுதாகப் போதாது.

எந்த மாசம் போறது? பிள்ளைகளுக்கு லீவு விடட்டும், மே மாசம் போய்க்கிறோமே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் சண்டை போடுகிறேன். பணம் கூடக்குறைய இருந்தால் சமாளிக்கலாம், மாதம் தப்பினால் ஒன்றும் செய்ய முடியாது. என் கணக்கில் சரியான காலம் மாசிக் கடைசியிலிருந்து சித்திரை பிறப்பதற்குள். மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் பால்குடம் முடிந்த கையோடு கிளம்பினால் சரியாக இருக்கும். அப்போது ஆற்றுத் தண்ணீர் பச்சைக் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், பகல் இதமாக இருக்கும், முள்ளிலவு மரங்கள் இலையெல்லாம் உதிர்த்துச் சிவப்பாகப் பூத்து நிற்கும்.

மே மாதத்தில் வெயில் நாற்பதை நெருங்கும், அதுகூடப் பரவாயில்லை. அட்சய திருதியையில் கங்கோத்ரி, யமுனோத்ரி நடை திறக்கும், அதையொட்டிக் கேதார்நாத், பத்ரிநாத். நான்கு இடத்துக்கும் போகிற கூட்டம் ரிஷிகேஷ் வழியாகத்தான் மேலே ஏறும். அந்தச் சமயம் பத்து கிலோமீட்டர் போக இரண்டு மணி நேரம் காரிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும். ஜூலை, ஆகஸ்ட் மழைக்காலத்தில் படகே கிடையாது. செப்டம்பர் கடைசியில்தான் திரும்பத் திறப்பார்கள்.

பங்குனிக்குள்ளேயும் தவிர்க்க வேண்டிய நாட்கள் சில உண்டு: ஹோலியை ஒட்டிய விடுமுறை, நம் வருஷப் பிறப்பன்று வரும் பைசாகி (ஹரித்வாரில் கால் வைக்க இடம் இருக்காது), பொதுவாக எல்லாச் சனி ஞாயிறும். வெள்ளிக்கிழமை ராத்திரி டெல்லியே கிளம்பி வந்துவிடும். திங்கள் காலை போய் இறங்கி வியாழன் கிளம்புகிற மாதிரிப் போடுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீடு அடுத்த வருஷம் போகலாம், பிளஸ் டூ பரீட்சை முடித்த பிள்ளை இருக்கிற வீட்டுக்கு இதுதான் நல்ல நேரம்.

அங்க குளிருமா? ஸ்வெட்டர், குல்லா எல்லாம் வாங்கணுமா?

இமயமலை என்றதும் பனியை நினைத்துக்கொள்கிறார்கள். ரிஷிகேஷ் அடிவாரம், கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர்தான். மார்ச்சில் பகல் 27, 28 டிகிரி, விடிகாலை 13, 14. ஏப்ரல் நடுவில் பகல் 34 வரை போகும். ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர் போதும், காலையில் போட்டுக்கொண்டு ஒன்பது மணிக்குக் கழற்றிவிடுவீர்கள். மார்ச்சில் திடீரென்று ஒரு நாள் இடி, மழை, ஆலங்கட்டி எல்லாம் வரலாம், அதனால் ஒரு மழைக்கோட்டு இருக்கட்டும்.

குளிர்வது காற்று இல்லை, தண்ணீர். அதைப் படகுக் கேள்வியில் சொல்கிறேன்.

காரைக்குடியிலேர்ந்து எப்படிப் போறது? ஒரே ரயில் இருக்கா?

ஒரே ரயிலை எதிர்பார்க்காதீர்கள், டெல்லி போய்த்தான் மாற வேண்டும். நிறையப் பேர் செய்வது: விடிகாலைப் பல்லவனில் ஏறி மதியம் எழும்பூர், அன்று ராத்திரி சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், மூன்றாம் நாள் காலை டெல்லி. மதுரையிலிருந்து நிஜாமுதீனுக்குச் சம்பர்க் கிராந்தியும் உண்டு, ஆனால் வாரத்தில் சில நாள் மட்டும். டெல்லியிலிருந்து ஹரித்வாருக்கு நாலரை, ஐந்து மணி நேரம், அங்கிருந்து ரிஷிகேஷ் 25 கிலோமீட்டர். ரிஷிகேஷிலேயே 2021இல் 'யோக் நகரி ரிஷிகேஷ்' என்று புது நிலையம் திறந்தார்கள், சில ரயில்கள் அதுவரை போகும். டிக்கெட் போடும்போது அந்தப் பெயரிலும் தேடுங்கள், பலருக்கு இது தெரியாமல் ஹரித்வாரிலேயே இறங்கிவிடுகிறார்கள்.

விமானம் என்றால் டெல்லி போய் மாறி டேராடூன். ஜாலி கிராண்ட் என்கிற அந்த விமான நிலையம் டேராடூன் ஊரைவிட ரிஷிகேஷுக்குத்தான் கிட்டம், இருபது கிலோமீட்டர் சொச்சம்.

ஆத்தங்கரை மணல்லயே டென்ட் போட்டுத் தருவாங்களாமே?

அது பழைய கதை. ஆற்றோரம் வரிசையாகக் கூடாரம் போட்டுக் குப்பையும் கழிவும் கங்கையில் போக ஆரம்பித்ததும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் நிறுத்தி வைத்தது, பிறகு ஆற்றிலிருந்து 100 மீட்டருக்குள் கூடாரமே கூடாது என்றது. இப்போது 'ரிவர் சைடு கேம்ப்' என்று படம் காட்டி விற்பது பெரும்பாலும் சாலைக்கு மேலே மலைச்சரிவில் இருக்கும். இடத்தை வரைபடத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இளவட்டங்கள் மட்டும் போனால் தபோவன் பக்கம் தங்கலாம், படகுக்காரர்கள் கடையெல்லாம் அங்கேதான். பெரியவர்களோடு போனால் ராம் ஜூலா என்கிற தொங்குபாலத்துக்கு அக்கரையில் சுவர்காசிரமம் பக்கம். வண்டிச் சத்தம் குறைவு, சாயங்காலம் ஆரத்திக்கு நடந்தே போய் வரலாம். ஆனால் பாலத்தில் கார் போகாது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும் அல்லது பாரேஜ் (தடுப்பணை) வழியாகக் காரில் சுற்றி வர வேண்டும். இன்னொன்று, பலகார டின்னைக் கையில் வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு பாலத்தில் நடக்காதீர்கள். சீப்புச்சீடையின் அருமை அங்கேயுள்ள குரங்குகளுக்கும் தெரியும்.

கறி, மீன் ஒண்ணும் கிடைக்காதாமே, நாலு நாள் எப்படி இருக்கிறது?

கிடைக்காது. ஊர் எல்லைக்குள் மாமிசத்துக்கும் மதுவுக்கும் தடை. நாலு நாள்தானே, இருந்து பாருங்கள். தோசை இட்லி தபோவனில் கிடைக்கிறது, சாம்பார் இனிக்கும். இட்லிப் பொடியும் பருப்புப் பொடியும் கையில் இருந்தால் தைரியம்.

எனக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. சமாளிக்க முடியுமா?

முடியும். வெளிநாட்டுக்காரர்கள் வந்து வந்து அங்கே ஆட்டோக்காரர் வரை அரைகுறை ஆங்கிலம் பேசுவார்கள். படகில் கொடுக்கிற உத்தரவும் 'ஃபார்வர்ட்', 'பேக்', 'ஸ்டாப்' மாதிரி நான்கைந்து சொற்கள்தான். புரியாவிட்டால் கரையிலேயே கேட்டுவிடுங்கள், நுரைக்குள் போன பிறகு கேட்க முடியாது.

எனக்கு நீச்சலே தெரியாது. ராஃப்டிங் போகலாமா கூடாதா, ஒரே வார்த்தையில சொல்லுங்க.

போகலாம். ஆனால் ஒரே வார்த்தையில் விட முடியாது. லைஃப் ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் போட்டுத்தான் ஏற்றுவார்கள். உங்களை மிதக்க வைப்பது ஜாக்கெட், நீச்சல் இல்லை. எனவே ஜாக்கெட்டின் வாரை நீங்களே இழுத்துப் பாருங்கள்: தோள் பட்டையைப் பிடித்து ஒருவர் மேலே தூக்கினால் அது காதுவரை ஏறி வந்தால் தளர்வு என்று அர்த்தம். கொக்கி உடைந்ததைக் கொடுத்தால் வெட்கப்படாமல் வேறு கேளுங்கள்.

துடுப்பின் மேல்நுனியில் 'T' மாதிரி ஒரு பிடி இருக்கும். ஒரு கை எப்போதும் அதை மூடியபடி இருக்க வேண்டும். அதை விட்டால் படகு குலுங்கும்போது அந்தப் பிடி பக்கத்தில் இருப்பவர் பல்லில் போய் இடிக்கும். அங்கே நடக்கிற காயங்களில் இது சகஜம். ஒருவேளை தண்ணீரில் விழுந்தால் மல்லாந்து படுத்து, கால் இரண்டையும் ஓட்டம் போகிற பக்கம் நீட்டி, தண்ணீருக்கு மேலே தெரிகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். பாறை வந்தால் கால் முதலில் தொடும், தலை தப்பிக்கும். ஓடுகிற தண்ணீரில் எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள், கால் பாறை இடுக்கில் சிக்கும். கயிறு எறிவார்கள், பிடித்துக்கொண்டால் இழுத்துவிடுவார்கள்.

நான் சின்ன வயசுலேர்ந்து ஊருணியில நீந்திப் பழகினவன். ஜாக்கெட் இல்லாம கொஞ்ச தூரம் நீந்திப் பார்க்கலாமா?

கூடாது, கூடாது, கூடாது. ஊருணித் தண்ணீர் வீட்டுக் கன்றுக்குட்டி மாதிரி, வைத்த இடத்தில் நிற்கும். கங்கை அப்படி இல்லை. மேலே நேராகப் போகிற மாதிரி தெரிகிற இடத்தில் அடியில் சுழலும். அதோடு அது பனி உருகி வருகிற தண்ணீர். வெளியே முப்பது டிகிரி வெயில் அடிக்கும், குதித்த நொடியில் மூச்சு ஒரு கணம் நின்று, பிறகு தாறுமாறாக வாங்கும். நன்றாக நீந்துகிறவர்கள் தண்ணீரைக் குடித்துவிடுவது அந்தக் கணத்தில்தான்.

சாதுவான பகுதி வரும்போது வழிகாட்டியே இறங்கச் சொல்வார், படகைச் சுற்றியுள்ள கயிற்றைப் பிடித்துக்கொண்டு மிதக்கலாம். அதில் தாராளமாக இறங்குங்கள், முகத்தை முதலில் தண்ணீரால் நனைத்துக்கொண்டு. படகு நேரம் தவிர, கரையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது பாறை தாண்டி ஆற்றுக்குள் போகாதீர்கள். மேலே அணைகள் இருக்கின்றன, பாகீரதியில் இருக்கிற டெஹ்ரி அணை 260 மீட்டர் உயரம். மேலே தண்ணீர் திறந்தால் கீழே மட்டம் சட்டென்று ஏறும், அதற்கான எச்சரிக்கைப் பலகைகளை ஒப்புக்கு வைக்கவில்லை.

9 கிலோமீட்டர், 16, 26, 36னு சொல்றாங்களே, எதை எடுக்கிறது?

முதல் தடவை, குடும்பத்தோடு என்றால் பிரம்மபுரியிலிருந்து வருகிற 9 கிலோமீட்டர். கொஞ்சம் துணிச்சல் இருந்தால் சிவபுரியிலிருந்து 16. 'ரோலர் கோஸ்டர்', 'கோல்ஃப் கோர்ஸ்' என்று பெயர் வைத்த நுரைப் பகுதிகள் இதில்தான் வரும், என்னைக் கேட்டால் இதுவே போதும். அங்கே மரைன் டிரைவ் என்கிற இடத்திலிருந்து வரும் 26 அரை நாளைத் தின்றுவிடும். கௌடியாலாவிலிருந்து தொடங்கும் 36 கிலோமீட்டரில் 'தி வால்' என்று ஒன்று இருக்கிறது, படகையே கவிழ்க்கக்கூடியது, பழகினவர்களுக்குத்தான் அது. 14 வயதுக்குக் கீழே பொதுவாக ஏற்றுவதில்லை, 65க்கு மேலும் தயங்குவார்கள். இதய நோய், முதுகுவலி, கர்ப்பம் என்றால் நீங்களே கரையில் நின்றுவிடுங்கள்.

காலை முதல் படகில் போவதைவிடப் பத்து, பதினொரு மணிக்குப் போவது நம் உடம்புக்கு நல்லது. நனைந்த பிறகு காய வெயில் வேண்டும்.

சேலையோட ஏற முடியாதா? தாலி, நகையெல்லாம் என்ன பண்றது?

சேலை வேண்டாம். தண்ணீரில் விழுந்தால் காலைச் சுற்றிக்கொள்ளும். துப்பட்டாவும் வேண்டாம். சீக்கிரம் காய்கிற துணியில் சுடிதார் அல்லது டிராக் பேண்ட், காலில் வார் வைத்த செருப்பு. ஜீன்ஸ் போட்டால் நனைந்து கல்லாகக் கனக்கும், ஆண்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மாற்றுத் துணி முடிகிற இடத்தில் தயாராக இருக்க வேண்டும்.

தங்கச் சங்கிலியை ஊரிலேயே லாக்கரில் வைத்துவிட்டு மஞ்சள் கயிறோடு வரும் ஆச்சிமார்தான் நிம்மதியாகச் சிரித்துக்கொண்டு படகில் உட்காருகிறார்கள். மற்றவர்கள் ஒரு கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் துடுப்புப் போடுகிறார்கள், மேலே சொன்ன பல் விஷயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் கயிறு கட்டுங்கள். கைபேசியைத் தண்ணீர் புகாத பையில் போட்டு மூடிவிடுவார்கள், படகில் எடுக்கிற வீடியோவுக்குத் தனியாகக் காசு கேட்பார்கள், அது கட்டாயமில்லை.

அப்பச்சிக்கு 70 ஆச்சு, ஆத்தாவுக்கு மூட்டு வலி. அவங்களை அறையிலயே உட்கார வச்சுட்டுப் போறதா?

அவர்களுக்குத்தான் நிறைய இருக்கிறது. ராம் ஜூலா பக்கத்தில் சிவானந்த ஆசிரமம். சுவாமி சிவானந்தர் நம் பத்தமடைக்காரர், மலாயாவில் மருத்துவராக இருந்துவிட்டு இங்கே வந்து 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கியவர். மலாயாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போன குடும்பத்துப் பெரியவர்களுக்கு இதைச் சொன்னால் அரை நாள் அங்கேயே கழிப்பார்கள்.

அடுத்து, ராஜாஜி புலிகள் காப்பகம். நம் ராஜாஜி பெயர்தான். 1983இல் மூன்று சரணாலயங்களைச் சேர்த்துத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். நவம்பர் நடுவிலிருந்து ஜூன் நடுவரை திறந்திருக்கும், சில்லா வாசல் ரிஷிகேஷிலிருந்து கிட்டம். ஜீப்பில் உட்கார்ந்தபடியே போகலாம், யானையும் மானும் பெரும்பாலும் தென்படும், புலியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஜீப் குலுக்கும் என்பதால் மூட்டுவலிக்காரர்களை முன் இருக்கையில் வைக்கவும்.

வைணவப் பற்றுள்ளவர்கள் என்றால் ஒரு பகலுக்குத் தேவப்பிரயாகை. பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர் அதுதான், 108 திவ்ய தேசங்களில் ஒன்று. அலக்நந்தாவும் பாகீரதியும் இரண்டு நிறத்தில் வந்து கலப்பதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். சன்னதிக்குப் படி ஏற வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடக்கணும்னு ஆசை, ஆனா பெரிய மலையெல்லாம் ஏறினதில்ல. ஏதாவது இருக்கா?

குஞ்சாபுரி. 1,600 மீட்டருக்கு மேலே ஒரு தேவி கோயில், சுமார் 25 கிலோமீட்டர் காரில் போய்க் கடைசியில் படி ஏறினால் போதும். இருட்டோடு கிளம்பினால் சூரியன் எழும்போது வடக்கே பனிமலை வரிசை தெரியும், மூட்டம் இல்லாத நாளாக இருந்தால். பிறகு காரைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கிராமங்கள் வழியாக இறங்கி நீர் கட் அருவிக்கு வந்து சேருங்கள். முழுக்க இறக்கம், அதனால் மூச்சு வாங்காது, முழங்கால்தான் பேசும். பாதை பிரிகிற இடங்கள் இருப்பதால் உள்ளூர் ஆள் ஒருவரைக் கூட்டிப் போங்கள். இன்னும் மேலே சம்பா, கானாதால் என்கிற ஊர்கள் பக்கம் காரில் போனால் அந்தப் பருவத்தில் புராஞ்சு மரம் சிவக்கச் சிவக்கப் பூத்திருக்கும், அதன் சாற்றைச் சாலையோரத்தில் விற்பார்கள், வாங்கிக் குடியுங்கள்.

பையன் பஞ்சீ ஜம்ப்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். விடலாமா?

மோகன்சட்டியில் 83 மீட்டர் உயர மேடை இருக்கிறது. எடை பார்த்து, உடல்நிலை கேட்டு, கையெழுத்து வாங்கித்தான் விடுவார்கள். கண், முதுகு, ரத்த அழுத்தம் ஏதாவது இருந்தால் மறைக்கக் கூடாது. எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை, சில வினாடியில் முடிகிற விஷயத்துக்கு அவ்வளவு காசு. அவன் ஆசைப்பட்டால் போகட்டும், ஆனால் படகு போகிற அதே நாளில் வைக்காதீர்கள்.

அவ்வளவு தூரம் போறோம், காசியையும் சேர்த்துக்கலாமா?

சேர்க்கலாம். காசியில் நம் நகரச் சத்திரம் (நகரத்தார் சத்திரம்) இருக்கும்போது தங்குமிடக் கவலை இல்லை. ஹவுராவிலிருந்து வரும் டூன் எக்ஸ்பிரஸ் காசி வழியாக ஹரித்வார், ரிஷிகேஷ் வரை போகிறது. ஆனால் வரிசை முக்கியம்: முதலில் ரிஷிகேஷ், பிறகு காசி. ஏப்ரல் வந்துவிட்டால் காசி வெயில் ஆளைச் சுருட்டிவிடும், அதில் களைத்துப் போய்ப் படகில் ஏறினால் ரசிக்க முடியாது. மொத்தம் பத்து நாளுக்குக் குறைவாக இருந்தால் காசியை இந்தத் தடவை விட்டுவிடுங்கள்.

ஐயாவோட அஸ்தி இருக்கு. அதையும் இந்தப் பயணத்துலயே கரைச்சுட்டு வந்துடலாம்னு அண்ணன் சொல்றார், சரியா?

கேட்கத் தயங்கிக்கொண்டே பலரும் கேட்கிற கேள்வி. முதலில் ஊரில் பங்காளிகளிடம் பேசி ஒத்துக்கொண்ட பிறகு டிக்கெட் போடுங்கள், துக்க வருஷத்தில் உல்லாசப் பயணமா என்று பின்னால் ஒரு பேச்சு வரக்கூடாது. அவர்கள் சரி என்றால் எனக்கு இதில் தப்புத் தெரியவில்லை. ஹரித்வாரில் முதல் நாளே அந்தக் காரியத்தை முடித்துவிடுங்கள், பண்டாவிடம் (அங்கேயுள்ள தீர்த்தப் புரோகிதர்) தட்சிணையை உட்காருவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். அன்று வேறு எதையும் வைக்காமல் ஹரித்வாரிலேயே தங்கி, மறுநாள் ரிஷிகேஷ் போங்கள்.

முன்கூட்டியே பணம் கட்டிட்டோம், அன்னைக்குப் பார்த்து மழை, தண்ணி ஏறிடுச்சுன்னு படகை நிறுத்திட்டா காசு திரும்புமா?

அது நீங்கள் யாரிடம் கட்டினீர்கள் என்பதைப் பொறுத்தது. தங்குமிடம், ஜீப், படகு, கூடாரம் எல்லாவற்றையும் ஒரே தரகரிடம் மொத்தமாகக் கட்டினால் படகுக்காரர் தரகரைக் காட்டுவார், தரகர் போனை எடுக்க மாட்டார். ரயிலையும் அறையையும் மட்டும் முன்கூட்டிப் போடுங்கள். சில்லா ஜீப்பையும் போட்டுவிடலாம், ஒரு நாளைக்கு இத்தனை ஜீப்தான் என்று அதற்குக் கணக்கு உண்டு. படகை அங்கே போய், முதல் நாள் சாயங்காலம் கடையில் நேரில் பேசுங்கள். சுற்றுலாத் துறை உரிமத்தைக் கேட்டுப் பாருங்கள், ஒரு படகில் எத்தனை பேர் என்று கேளுங்கள், ஜாக்கெட்டைக் கண்ணால் பாருங்கள். வார நாளில், நான் மேலே சொன்ன தேதிகளில், இடம் கிடைக்காமல் போவதில்லை, விலையும் இறங்கும்.

படகைத் திட்டத்தில் கடைசி நாளில் வைக்காதீர்கள். முதல் அல்லது இரண்டாம் நாளில் வைத்தால், மழையால் நின்றாலும் மறுநாள் கையில் இருக்கும். அன்றைக்குக் காட்டுக்கோ ஆசிரமத்துக்கோ போய்க்கொள்ளலாம். தண்ணீர் ஏறியிருக்கிறது, விடமாட்டோம் என்று ஒருவர் சொல்லி, பக்கத்துக் கடைக்காரர் நான் விடுகிறேன், இருநூறு ரூபாய் கூடக் கொடுங்கள் என்றால், முதல் ஆளிடமே மறுநாளைக்குப் பேசி வையுங்கள்.